தம்பி பேசிய பர்மியம்

12-3-1967, ஞாயிறு

ரங்கூனிலிருந்து தம்பி ஏழுமலையின் மனைவி சரோஜாவும் மகள் மல்லிகாவும் இன்று செஞ்சிக்கு வந்துவிட்டார்கள். பஸ்ஸை விட்டு அவர்கள் இறங்கியதும் தம்பி அழுதான். பர்மா ஜெயிலிலிருந்து விடுதலையாகி, அகதியாகக் கப்பலேறி என்னிடம் வந்து சேர்ந்த அன்றுகூட அவன் அழவில்லை.

இரண்டு வருடமாக என் கையால்தான் சாப்பிட்டான். இவர்களை வரவழைக்க மனு எழுதியதும் நான்தான். அவன் மணிக்கட்டில் இருக்கும் தழும்பைப் பற்றி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "ஒன்னுமில்லக்கா, வுடு" என்பான்.

மத்தியானம் சாப்பிட்டதும் சரோஜா அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அவளும் தமிழச்சிதான், ஆனால் பர்மியத்தில் கேட்டாள். அவனும் பர்மியத்திலேயே சொல்ல ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் நிறுத்தவே இல்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வயிறு எரிந்தது. எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மல்லிகா பின்னாலேயே வந்தாள். ஏழு வயதுக் குழந்தை. அவளிடம் போய், "உங்க நைனா இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"அப்பா கைய ஜெயில்ல கட்டி வச்சி..."

"வேணாம்மா, சொல்லாத."

குழந்தை வாயால் அதைக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் இன்னும் ஆறவில்லை. தமிழில் ஒரு வார்த்தை என்னிடமும் சொல்லியிருக்கலாம் அவன்.