சேகர் நிலத்துக்கு வாரிசு

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாப்பா யூனிஃபார்மை அயர்ன் பாக்ஸால் தேய்த்தே காய வைத்தேன். ஏ ஷிஃப்ட், காலை வேலை.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் வாசலில் கார். கோதண்டம் மாமா (என் வீட்டுக்காரர் சேகரின் அண்ணன்), கூடவே நில புரோக்கர். என் வீட்டில் அவர்கள் உட்கார்ந்திருக்க, நான் நின்றேன். சேகர் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. லாரி இடித்த பைக் இன்னும் ஸ்டேஷனில்.

புரோக்கர்: "செத்தவரு பேர்ல நெலம் கீதுன்னா கவர்மென்ட்டு சும்மா வுடாதும்மா. சாவு வரி போடுவான். பாதி நெலம் பூடும். அதுக்கு முன்னாடி ஐகோர்ட்டுல புரோபேட் வேற வாங்கணும். நீ ஷிஃப்ட்டுக்குப் போவியா, கோர்ட்டுக்கு அலைவியா?"

மாமா: "எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்துடு. நான் பாத்துக்கறேன். தனியா ஒரு பொம்பள, கொழந்தய வேற வெச்சிக்கினு, இதெல்லாம் உன்னால தாங்க முடியாது."

கடைசியில் சொன்னது அக்கறையா, மிரட்டலா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

பாதி நிலம் நிஜமாகவே போய்விடுமா? யாரைக் கேட்பது? ஊருக்கு ஃபோன் போட்டால் அம்மா சங்கரன்கோவிலில் உட்கார்ந்து அழுவாள். போடவில்லை.

வாங்க: பால், இருமல் மருந்து, கொசுவத்தி.

அக்டோபர் 16, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். குழாயில் தண்ணீர் வரவில்லை. வீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அத்தையிடம் (மாமியார்) கேட்டேன். "மோட்டார் ரூம் சாவிய கோதண்டம் எட்த்துகினு போய்ட்டான்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். குடத்தோடு தெருக்குழாய்.

எதிரே ஒரு பைக். இரண்டு பேர். பாப்பாவை ஸ்கூலில் விடும்போது அங்கேயும் அதே பைக். என்னைப் பார்க்கவில்லை, பாப்பாவைப் பார்த்தார்கள். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ.

கம்பெனி லைனில் கை ஓடவில்லை. ஒயரை மாற்றிச் சொருகிவிட்டேன். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். டீ நேரத்தில் கனியிடம் சொல்லிவிட்டேன். ஸ்ரீவைகுண்டத்துப் பெண், என் பக்கத்து சீட். சிங்கப்பெருமாள் கோவிலில் ரூம் எடுத்திருக்கிறாள்.

"ஏக்கா, எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. கோர்ட்டுலயே பொம்பளைகளுக்கு இலவசமா வக்கீல் குடுக்காவ. எங்க ரூம் பிள்ள ஒருத்தி போனா. நாளைக்கே போ."

லீவு கேட்கப் பயம். கோர்ட் என்றால் அதைவிடப் பயம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட். சட்ட உதவி அறை எங்கே என்று கேட்கவே வாய் வரவில்லை, இரண்டு தடவை வாசலைத் தாண்டி நடந்தேன். வக்கீல் நிர்மலா அம்மா. என் வயதுதான் இருக்கும். முதலில் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் உயில் எழுதினாரா?"

"இல்லம்மா."

"அப்போ புரோபேட்டுக்கு இங்க வேலையே இல்ல. அது உயில கோர்ட்டு உறுதி பண்றதுக்குத்தான். சாவு வரியெல்லாம் நம்ம நாட்டுல எப்பவோ எடுத்தாச்சு. நாளைக்கு நிலத்த வித்தா, அந்த லாபத்துக்கு வரி வரும். அது வேற கதை. உங்களப் பயமுறுத்த அப்படிச் சொல்லியிருக்காங்க."

நிலம் பற்றிக் கேட்டார். மாமனார் சுயசம்பாத்தியத்தில் வாங்கியது. இருக்கும்போதே இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எழுதி வைத்தார். ரோட்டு மேல் இருப்பது சேகருக்கு, பின்பக்கம் மாமாவுக்கு. எங்கள் நிலம் இல்லாமல் பின்னால் லாரி நுழைய வழி கிடையாது. குடோன் போட வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

வாரிசு: மனைவி, மகள், தாய். மூன்று பேருக்கும் சமம். அண்ணன் வாரிசே இல்லையாம்! இன்னொன்றும் சொன்னார். "பாப்பா பங்க நீங்களே நெனச்சாலும் குடுக்க முடியாது. மைனர். கோர்ட்டு அனுமதி வேணும்." அதைக் கேட்டபோதுதான் மூச்சு வந்தது. நான் பயந்து எதையாவது செய்துவிட்டாலும் அவளுடையது போகாது.

தேவை: இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு. இ-சேவையில் வாரிசுச் சான்றுக்கு மனு. அது வந்த பிறகு பட்டா மாற்றம். வல்லக்கோட்டையில் நடந்த கல்யாணத்துக்குக் கோவில் ரசீது போதுமா? கேட்க மறந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது தைரியமாக இருந்தது. தெருமுனையில் பைக்கைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இந்த வருஷம் இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. பாப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமையே மனு போட்டாகிவிட்டது. அது மாமாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மாலையில் வாசலில் நின்று, "யாரக் கேட்டு மனு குடுத்தே?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை. அவர் மனைவி தேவகி அக்கா அதிரசம் கொண்டுவந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். மாமா கூப்பிட்டதும் போய்விட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

கனி ரூமில் இருக்கிறோம். பாப்பா தூங்குகிறாள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை நல்ல மழை. ஸ்கூல் லீவு. நான் குளித்துவிட்டு வந்தால் பாப்பா இல்லை. வாசலில் மாமாவின் கார், உள்ளே புரோக்கர்.

"ஏறு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு. டோக்கன் போட்டாச்சி."

"பாப்பா எங்க மாமா?"

"எங்க வூட்ல கீறா. கையெழுத்து போட்டுட்டு வந்து கூட்டிக்கோ."

சார்ஜ் போடுகிறேன் என்று ஃபோனையும் வாங்கிக்கொண்டார். வழி முழுக்க மழை. வைப்பர் சத்தம் மட்டும். போட்டுவிடலாம், போட்டுவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை.

உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டினார். "பொன்மணி நீங்களா? இவருக்குப் பவர் குடுக்கறீங்க. படிச்சுப் பாத்தீங்களா? சம்மதத்தோடதான் குடுக்கறீங்களா?"

நான் அவர் கையிலிருந்த பத்திரத்தையே பார்த்தேன். பின்னாலிருந்து மாமா, "சம்மதம்னு சொல்லும்மா."

"என் மவ எங்க இருக்கான்னு முதல்ல இவுகள கேளுங்க சார்."

நான்தான் சொன்னேன். அந்த அறையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "பிள்ளயத் தூக்கி வச்சுக்கிட்டு என்னய இங்க கூட்டிட்டு வந்திருக்காவ. எனக்குச் சம்மதம் இல்ல. இல்ல சார்."

அவர் பத்திரத்தைத் தள்ளி வைத்தார். "இது பதிவாகாது." பிறகு மாமாவிடம், "கொழந்த எங்கய்யா?" புரோக்கர் அதற்குள் காணாமல் போயிருந்தார். மாமா என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "அந்த வூட்ல இனிமே எப்பிடி இருக்கேன்னு பாக்கறேன்."

பத்திரம் டைப் அடிக்கும் பெண் ஒருத்தி தன் ஃபோனைக் கொடுத்தாள். பர்ஸில் வக்கீல் அம்மாவின் கார்டு இருந்தது. "வாசல விட்டு நகராதீங்க, வரேன்" என்றார்.

அவர் வருவதற்குள் ஷேர் ஆட்டோ ஒன்று. தேவகி அக்கா, இடுப்பில் பாப்பா. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"இந்தா புடி. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா என்னையும் எவனாச்சும் இப்பிடித்தான் இட்டாந்து நிக்க வெப்பான்."

மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கார்மேல் சாய்ந்து நின்றார். அக்கா தானாகவே போய் அந்தக் காரில் ஏறினார். போகாதீங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாப்பாவை இறுக்கிப் பிடித்ததில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

"பெரியம்மா பூரி சுட்டாங்கம்மா" என்றாள் பாப்பா.

வக்கீல் அம்மாவோடு ஸ்டேஷன். புகார். மாமாவைக் கூப்பிட்டு, இனி தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். ஃபோனும் திரும்ப வந்தது. எழுதி வாங்கினால் ஆயிற்றா?

தேவகி அக்காவுக்கு என்ன ஆகுமோ.

நவம்பர் 6, வியாழன்

வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல். "வீட்ட விட்டு வெளிய இருந்தீங்கன்னா அதையே காரணமாக்கி உங்களுக்கு உரிமை இல்லம்பாங்க" என்று வக்கீல் அம்மா சொன்னதால்தான். மோட்டார் ஓடுகிறது. பைக் இல்லை. இருந்தாலும் கேட் சத்தம் கேட்டால் முதலில் பாப்பாவைத்தான் தேடுகிறேன்.

வாரிசுச் சான்று விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். பக்கத்து வீடுகளில் கேட்டார். அத்தையிடம், "இது உங்க மருமகதானே?" அத்தை என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "வேற யாரு?" என்றார்.

ரேஷன் கடையில் தேவகி அக்கா. முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். புரிந்துகொண்டு சிரித்தார். "அடிக்கல. பேச மாட்டேங்கறாரு, அவ்ளோதான். வூடு நிம்மதியா கீது."

ஓ.டி. காசு இரண்டு நாளைக்குப் பாக்கி. வாங்க: பாப்பாவுக்குக் குடை.

நவம்பர் 19, புதன்

மேகமூட்டம். சான்று வந்துவிட்டது. பொன்மணி, மனைவி. யாழினி, மகள். முனியம்மாள், தாய். மூன்றே பெயர். இ-சேவை வாசலில் நின்று திரும்பத் திரும்பப் படித்தேன். அடுத்து பட்டாவுக்கு எழுத வேண்டும்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேர இன்னாத்துக்குப் போட்டுக்கீறாங்க?"

"உங்க பிள்ள சொத்துல்லா அத்த. உங்களுக்கும் எங்களப் போல சம பங்கு."

வெற்றிலையை மடித்தார், போடவில்லை.

"முதியோர் பென்ஷனுக்குன்னு கோதண்டம் ஒரு பேப்பர்ல கைரேக வாங்கினு போனான். ரெண்டு பேப்பரு. அது இன்னா பேப்பரும்மா?"

பெருவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். வக்கீல் அம்மாவிடம் போய்க் கேட்கலாம் என்றேன்.

"என்னையும் இட்டுகினு போவியா? அவனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும் அத்த."

சொல்லிவிட்டேன். நாளை முதல் பஸ். கனியிடம் லீவு சொல்லச் சொல்லியாயிற்று. என் நீலப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போக அத்தையிடம் நல்லதாக ஒன்று இல்லை.