கண்டம் தாண்டிய வண்டி

பிடிவாதக்காரிக்கு,

முகவீக்கம் வற்றும்வரை நீ சென்னையில் மகள் ஷோபனா வீட்டில் இருக்கிறாய் என்றுதான் இங்கே அந்தமானில், சிப்பிகாட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இனி என் வண்டியில் ஏறமாட்டாய் என்று ஷோபனா போனில் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

வண்டி மோதிய அன்று மாடு குறுக்கே வந்தது. நீ பார்க்கவில்லை என்பதற்காக அது வராமல் போய்விடாது.

இன்று இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தான். "அங்கிள், இன்ஜின் டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏர்பேக் ரெண்டும் வெடிச்சிருச்சு. மெயின்லேண்ட்லேர்ந்து வரவழைச்சு மாட்டினா வண்டி விலையையே தாண்டிரும். கண்டம்னு எழுதி ஒதுக்கிடறேன்" என்றான். யாரும் சொல்லித்தராமல் நானே பிரித்து மாட்டிப் பழகிய இன்ஜின் அது. முடியாது என்றேன்.

மெக்கானிக் மத்தியாஸ், "பையை வெட்டிட்டு மூடியை ஒட்டிடலாம், யாருக்குத் தெரியும்" என்றான். எனக்குத் தெரியுமே. அன்று உன் முகம் அந்தப் பைக்குள்தான் புதைந்து கிடந்தது. புதிதாக இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். அடுத்த கப்பலில் வரும்.

உன் ஜாதகத்திலும் இந்த வருஷம் கண்டம் என்றுதான் இருந்தது. தாண்டினால் தீர்க்காயுசு என்றும் அதிலேயே இருந்தது. சர்வேயருக்கு அதெல்லாம் தெரியாது.

அதே கப்பலில் நீயும் வா. பை மாட்டும்வரை ஆட்டோவில் போகலாம்.

இப்படிக்கு,
மாட்டைக் கண்ணால் பார்த்தவன்