அவன் என்னைத் தொடவில்லை

பாப்பாரப்பட்டி
12-6-1969

அன்பு மாமாவுக்கு தீர்த்தம்மாள் எழுதறது.

நானும் நம்ம பாப்பாவும் அண்ணன் வூட்டுல இருக்கோம். சுகமான்னு கேட்டா என்ன எழுதறதுன்னு தெரியல. என்னை நெனச்சுக்கிட்டு சுரங்கத்துல கவனம் தப்பிடாதீங்க.

நான் ஜாமீன்ல வந்த அன்னிக்கு நீங்க வந்தீங்க, ஆனா சுத்தியும் ஆளுங்க. லீவு முடிஞ்சதுன்னு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிட்டீங்க. ஒரு வார்த்தை தனியாப் பேச முடியல. அதான் நடந்ததை நடந்தபடி உங்களுக்கு மட்டும் எழுதறேன்.

அன்னிக்கு மத்தியானம் பாப்பாவைத் தூளியில போட்டுட்டு, கதவை வெறுமனே சாத்திட்டு, கிணத்துக்குத் தண்ணிக்குப் போனேன். காட்டோரமா ஒத்தையில கிடக்கற நம்ம கொட்டாய் வூட்டுப் பக்கம் யார் வரப்போறாங்கன்னு ஒரு நெனப்பு. திரும்பி வந்தா கதவு திறந்து கிடக்குது. உள்ள ஒரு ஆளு ராகி மூட்டை முன்னால குந்திக்கிட்டு துண்டுல அள்ளிக் கட்டறான். கைக்கெட்டற தூரத்துல தூளி. எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. சுவத்துல சாத்தியிருந்த உலக்கையை எடுத்துட்டேன். அவன் என்னைப் பாத்ததும் துண்டைப் போட்டுட்டு ஓடி வந்தான். நான் நின்னது கதவுல, அவனுக்கு வேற வழி இல்ல. அப்ப அது தெரியல, என் மேல பாயறான்னு நெனச்சேன். அடிச்சேன். தோள்ல விழுந்துச்சு.

அதோட விட்டிருக்கலாம். அவன் என்னைத் தாண்டிப் போய் வாசல்ல முட்டி போட்டு விழுந்தான். "ஆத்தா, விட்டுரு, புள்ளைங்க பட்டினி"ன்னான். காதுல விழுந்துச்சு மாமா. விழுந்தும் இன்னொரு அடி அடிச்சேன், பின்மண்டையில. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அவன் பேரு முனியப்பன், ஏரியூருக்கு அந்தப் பக்கம் கூலிக்குப் போறவன்னு போலீஸ் சொல்லித்தான் தெரியும்.

நேத்து வெங்கடாசலம் வக்கீல் வந்திருந்தாரு. "ராத்திரியில வூட்டை உடைச்சு வந்திருந்தா சட்டம் உன் பக்கம் நிக்கும்மா. பட்டப்பகல்ல ராகி அள்ள வந்தவனைக் கொல்றதுக்கு சட்டத்துல இடமில்ல. முதல் அடிக்கு பயந்துட்டேன்னு சொல்லலாம். கீழ விழுந்து கிடந்தவன் மேல விழுந்த அடிக்கு என்ன சொல்றது?"ன்னாரு. அப்புறம் அண்ணனை வெளிய போகச் சொல்லிட்டு மெதுவாக் கேட்டாரு. "அவன் உன் மேல கை வெச்சானா? பொம்பளையைக் கெடுக்க வந்தவனைக் கொன்னா குத்தமாகாது. யோசிச்சுச் சொல்லு."

"இல்லீங்க"ன்னேன்.

"யோசிச்சுச் சொல்லுன்னேன்"னாரு மறுபடியும்.

என்ன செய்யறது மாமா? உடனே எழுதுங்க.

உங்கள்
தீர்த்தம்மாள்


கோலார் தங்கவயல்
21-6-1969

அன்புள்ள தீர்த்தாவுக்கு காளியப்பன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போக முடியவில்லை. நீ எனக்கு எழுதியதை வேறு யாரிடமும் சொல்லாதே, உன் அண்ணனிடம்கூட.

வக்கீல் கேட்டபடியே சொல்லிவிடு. கையைப் பிடித்தான், இழுத்தான், அடித்தேன், திரும்பவும் வந்தான், அடித்தேன். அவ்வளவுதான். ஆயுள் தண்டனை என்றால் வேலூர் ஜெயிலில் நீ கிழவியாகிவிடுவாய். நான் தினமும் பூமிக்குள் இறங்குகிறவன். பாறை வெடித்தால் மேலே வருவேனா என்பதே நிச்சயமில்லை. நீயும் இல்லையென்றால் பாப்பாவுக்கு யார்?

கெட்ட பெயர் வருமே என்று பயப்படாதே. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். உண்மை என்னவென்று எனக்குத் தெரியும், அது போதும். செத்தவனுக்கு இனி கெடுவதற்கு என்ன இருக்கிறது?

சொல்கிறேன் என்று ஒரு வரி எழுது. தூக்கம் வரும்.

காளியப்பன்


பாப்பாரப்பட்டி
9-7-1969

அன்பு மாமாவுக்கு,

நீங்க எழுதினதைப் பல தடவை படிச்சேன். என் மேல எவ்வளவு உசிரு வெச்சிருக்கீங்கன்னு தெரியுது. ஆனா என்னால முடியல.

செத்தவனுக்கு ஒண்ணும் கெடாதுதான். போன சந்தையன்னிக்கு அவன் பொண்டாட்டி அண்ணன் வூட்டைத் தேடி வந்தா. பேரு ராணியம்மாள். கூட வயசுக்கு வந்த பொண்ணு ஒண்ணு. அண்ணி விளக்குமாத்தை எடுத்துட்டாங்க. அவ சண்டைக்கு வரல. என்னையே பாத்துக்கிட்டு, "சாவும்போது எதுனா சொன்னானா?"ன்னு மட்டும் கேட்டா.

"ஒண்ணும் சொல்லல"ன்னுட்டேன். சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வரல. அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

பசிக்குத் திருடப் போனான்னு ஊருக்கே தெரியும், அதை அவ தாங்கிக்குவா. நான் இன்னொண்ணைச் சொன்னா அந்தப் பொண்ணை யார் கட்டுவாங்க? அவனை நான் ஒரு தடவை கொன்னது போதும் மாமா.

பாப்பாவுக்கு நாலு நாளா இருந்த காய்ச்சல் விட்டுருச்சு. இங்க இன்னும் மழை இல்ல.

உங்கள்
தீர்த்தம்மாள்


கோலார் தங்கவயல்
18-7-1969

தீர்த்தா,

அவள் பெண்ணைப் பற்றி யோசிக்கிறாய். உன் பெண்ணைப் பற்றி யோசித்தாயா?

உன்னிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ ரிமாண்டில் இருந்தபோது பாப்பா உன் அண்ணியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் என் காதால் கேட்டேன். அண்ணி அழுதுகொண்டே "நான் அத்தைடி" என்று சொன்னாள். குழந்தைக்கு என்ன தெரியும்? சில வாரங்களுக்கே இப்படி. ஆயுள் முழுக்க என்றால்?

உன் காலில் விழுகிறேன். சொல்லிவிட்டு வெளியே வா. நம் குலதெய்வத்தின் மேல் சத்தியமாக, வாழ்நாளில் ஒரு தடவைகூட இதைப் பற்றி உன்னிடம் பேச்செடுக்க மாட்டேன்.

காளியப்பன்


பாப்பாரப்பட்டி
30-7-1969

மாமாவுக்கு,

சொல்றேன். வக்கீல்கிட்டயும் சொல்லிட்டேன்.

கேஸ் நடக்கற அன்னிக்கு நீங்க வந்து நிக்கணும். நீங்க இல்லாம என்னால வாயைத் திறக்க முடியாது.

தீர்த்தம்மாள்


பாப்பாரப்பட்டி
26-2-1970

அன்பு மாமாவுக்கு,

விடுதலை ஆகி வந்ததுலேர்ந்து இது மூணாவது கடிதம். ஒண்ணுக்கும் பதில் இல்ல. உடம்புக்கு ஏதாவதா? சுரங்கத்துல எதுனா ஆச்சான்னு பயமா இருக்கு.

தீர்ப்பு சொன்னதும் அண்ணன் ஓடி வந்து என் கையைப் பிடிச்சாரு. நான் உங்களைத் தேடினேன். ஷிப்ட் இருக்குன்னு பஸ்ஸுக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. சரி, அடுத்த லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போவீங்கன்னு இருந்தேன். உங்களுக்கு அங்க வூடு கிடைக்கும்னு கேஸுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதியிருந்தீங்களே, சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. நம்ம கொட்டாய்க்குப் போக எனக்குக் கால் வரல. அந்த வாசலைத் தாண்ட முடியாது.

பாப்பா இப்ப என்னை விட்டு நகர மாட்டேங்கறா. நீங்க எப்ப வரீங்கன்னு எழுதுங்க.

உங்கள்
தீர்த்தம்மாள்


கோலார் தங்கவயல்
11-3-1970

தீர்த்தம்மாளுக்கு காளியப்பன் எழுதுவது.

மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை.

நீ பேசியதைக் கோர்ட்டில் பின்னால் நின்று கேட்டேன். கையைப் பிடித்தான் என்றாய். அது நான் எழுதியதுதான். வாயைப் பொத்தினான் என்றாய், அவன் மேல் சாராய வாடை அடித்தது என்றாய். இதெல்லாம் வக்கீல் சொல்லிக் கொடுத்தாரா? சொல்லும்போது நீ அழுத அழுகையில் ஜட்ஜே உனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பொய் சொல்கிறவளால் அப்படி அழ முடியுமா?

பஸ்ஸில் வரும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை கோர்ட்டில் சொன்னதுதான் நிஜமோ, என் மனசு நோகக் கூடாதென்று எனக்குத்தான் மாற்றி எழுதினாயோ என்று. உள்ளே வேலை செய்யும்போதும் அதே நினைப்பு. படுத்தால் அவன் கை தெரிகிறது.

அப்படி நடந்திருந்தாலும் உன் மேல் குற்றமில்லை. சத்தியம் செய்தவன் நான்தான், மறக்கவில்லை. ஆனாலும் ஒரே ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். முனியப்பன் உன்னைத் தொட்டானா?

பதில் வந்ததும் வருகிறேன்.

காளியப்பன்


பாப்பாரப்பட்டி
2-4-1970

மாமாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. உடனே எழுதல. ஒரு வேலை இருந்துச்சு, அதை முடிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன்.

நான் எதுக்கு அழுதேன்னு கேட்டிருக்கீங்க. நீங்க நின்ன இடத்துலேர்ந்து என் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். கூண்டுல நின்ன எனக்கு நேரா ராணியம்மாளும் அந்தப் பொண்ணும் உக்காந்திருந்தாங்க. வாயைப் பொத்தினான்னு நான் சொன்னப்ப, அவ தன் பொண்ணோட ரெண்டு காதையும் பொத்தினா. அதைப் பாத்துட்டு எப்படி மாமா அழாம இருக்கறது? சாராய வாடையும் வக்கீல் சொல்லிக் கொடுத்ததுதான். அவன் மேல அடிச்சது வேர்வை.

போன வாரம் ஏரியூர் பஸ் ஏறி அவ வூட்டுக்குப் போனேன். சொந்தக்காரங்க நாலு பேரு இருந்தாங்க. அவங்க முன்னாலயே சொன்னேன். "உங்க ஆளு என்னைத் தொடல. கும்பிட்டு விடச் சொன்னான். புள்ளைங்க பட்டினின்னான். நான்தான் விடல."

ராணியம்மாள் முறத்துல இருந்ததைப் புடைச்சுக்கிட்டே இருந்தா. அப்புறம், "இதைக் கோர்ட்டுல சொல்லாம என் வூட்டுல வந்து எதுக்குடி சொல்ற? அவன் பேரு எங்க கெட்டுச்சோ அங்க போய்ச் சொல்லு. எழுந்து போ"ன்னா. அவ சொன்னதுல தப்பு இல்ல. வந்துட்டேன்.

நான் அங்க போய்ச் சொன்னது வக்கீல் காதுக்கு எட்டி, ஆள் அனுப்பியிருந்தாரு. சர்க்கார் அப்பீல் போனா மறுபடியும் மாட்டிக்குவ, வாயை மூடிக்கிட்டு இருன்னு. கூண்டுல ஏறச் சொன்னா ஏறிக்கறேன். பாப்பாவை நெனச்சாத்தான் பயமா இருக்கு. ஆனா இந்தத் தடவை என்ன சொல்லணும்னு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

நீங்க கேட்டதுக்கு இல்லைன்னு எழுதினா இன்னிக்கு நம்புவீங்க. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு படுத்தா மறுபடியும் அந்தக் கை தெரியும். மறுபடியும் கேப்பீங்க. நானும் சாவற வரைக்கும் இல்ல, இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். ஜட்ஜ் ஒரு நாள்தான் கேட்டாரு மாமா.

நாங்க தங்கவயலுக்கு வரல. அண்ணன் அவர் நிலத்து ஓரமா ஒரு கொட்டாய் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்காரு. பாப்பாவைப் பாக்கணும்னா எப்ப வேணும்னாலும் வாங்க. அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. சோறு ஆக்கிப் போடறேன், ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க. என்கிட்ட எதையும் கேக்காதீங்க.

சுரங்கத்துல ஜாக்கிரதை.

தீர்த்தம்மாள்