கையில் சுடாத டார்ச்

ஜூன் 9, திங்கள்

ரஞ்சன்காவ் ஃபாக்டரிக்குப் போகிற பஸ்ஸில். வாகோலி தாண்டியதும் கண் சொக்கிவிடுகிறது. மழைக்கு முந்தைய வெளிச்சம், எல்லாவற்றிலும் கொஞ்சம் பால் கலந்த மாதிரி.

காலையில் அச்சுதன் கேட்டார்: "டார்ச்சுக்கு எதுக்கு டிரைவர், பட்டு?" கல்யாணமாகி இருபது வருஷம், இப்போதுதான் கேட்கிறார்! விளக்குக்குப் போகிற மின்சாரத்தை அளந்து விடும் சின்னப் பலகை, ஒரு நாணயம் அளவு, என்றேன். விளக்கும் சுடும், அதுவும் சுடும். அந்தச் சூட்டை எங்கே அனுப்புவது என்பதுதான் என் பிழைப்பு.

என் டிசைனில் டிரைவர் பிடியின் நடுவில், உலோக உடம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. சூடு உள்ளே தேங்காது, வெளியே வந்துவிடும். வெளியே என்றால் கைக்கு. அதனால் கடைசியில் உள்ளங்கைச் சோதனை: பத்து நிமிஷம் இறுக்கிப் பிடிக்க முடிந்தால் பாஸ். கை பொய் சொல்லாது என்பார் எங்கள் மேனேஜர் ஜெயந்த். மீட்டரை விட என் கையைத்தான் நம்புவார். கொதிக்கிற ஈயச் சொம்பை இடுக்கி இல்லாமல் இறக்குகிற கை! இதமாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணூறு டார்ச் லாரி ஏறுகின்றன, மலையில் தொலைந்தவர்களைத் தேடும் குழுக்களுக்கு.

ஜூன் 10, செவ்வாய்

டார்ச் வெளிச்சத்தை அளக்கும் இருட்டறையில் ஒரு மணி நேரம். வெளிச்சத்துக்குள் தூசி மெல்ல ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மடியில் கிடந்த கை வேறு யாருடையதோ போல இருந்தது. தூக்கம் போதவில்லையா?

ஜூன் 11, புதன்

மேரி டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். தேஹு ரோட்டுத் தமிழ்ப் பெண், சோதனைப் பிரிவுக்கு வந்து ஒரு மாதம். மூன்றாவது நிமிஷமே "ஐயோ, சுடுதுக்கா!" என்றாள்.

"சமையக்கட்டுப் பக்கமே போனதில்லையா நீ?" என்று கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கையை ஊதிக்கொண்டே.

ஜூன் 12, வியாழன்

டிஃபன் டப்பாவை வாங்கும்போது மகள் வைஷு என் கையைத் திருப்பினாள். "மா, இது என்ன? பர்ன் ஆயிருக்கு!"

மூன்று கொப்புளம். ஒன்று உடைந்தே விட்டது. எப்போ வந்தது? எனக்குத் தெரியவே இல்லையே! பேனாவால குத்திப் பார்த்தேன் — ஒண்ணுமில்ல. இன்னும் அழுத்தி — ஒண்ணுமே இல்ல. அப்ப நான் பாஸ் போட்டது? மேரிகிட்ட அப்படி இளிச்சேனே, தடிமாடு.

நாளைக்கு லாரி. சொன்னா டிசைன் போச்சு, என் கையெழுத்துக்கு அப்புறம் என்ன மரியாதை? சொல்லாட்டா — மலைமேல யாரோ ஒருத்தன் இதைப் பிடிப்பான், மூணாவது நிமிஷம் கீழ போட்டுடுவான். இருட்டுல.

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். ஜெயந்த் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "தர்த் நஹி ஹோதா, மேடம்?" வலிக்கவில்லையா என்று. இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று. மேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கக்கா, முதல்ல டாக்டர்கிட்ட போங்க" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

பி-12 சத்து அடியோடு இல்லையாம். கை மரத்துப்போனது அதனால்தான், பஸ்ஸில் சொக்குவதும் அதனால்தான். இரும்புக் கை என்று என்ன பெருமை எனக்கு! ஊசி போட்டால் உணர்ச்சி மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். திரும்பும் என்று சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

டிரைவரைப் பிடியிலிருந்து எடுத்து வால் மூடிக்குள் வைத்தேன். விளக்கின் சூடு தலை வழியே போகட்டும், டிரைவரின் சூடு வால் வழியே. நடுவில் கை. இனி முதலில் மீட்டர், பிறகு மேரி பிடிப்பாள். நான் எழுதிக்கொள்வேன்.

ஜூலை 25, வெள்ளி

விடாத மழை. அச்சுதன் காபி டம்ளரைத் துணி சுற்றித் தருகிறார். தினமும் தருகிறார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புது டார்ச்சை மேரி பத்து நிமிஷம் பிடித்தாள். பாஸ். ஒப்பிடுவதற்காகப் பழையது ஒன்று மேஜையில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கலாம் என்று எடுத்தேன். உள்ளங்கையில் ஏதோ ஊர்ந்தது. எறும்பா?

"ஆ!" கீழே போட்டுவிட்டேன்.

மேரி ஓடி வந்தாள். "என்னக்கா?"

"சுடுதுடி."

டார்ச்சைத் துணியால் எடுத்து அணைத்தாள். "சமையக்கட்டுப் பக்கமே போனதில்லையாக்கா நீங்க?"

சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. பிறகு பழைய சோதனைத் தாளை எடுத்து, என் கையெழுத்தை அடித்து, பக்கத்தில் ஃபெயில் என்று எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. விரல் எரிந்துகொண்டிருந்தது.