தாய்லாந்துப் படத்து அப்பா

மகளுக்கு,

நானே எழுதுகிறேன்! நான்கு மாதம் முதியோர் வகுப்புக்குப் போனேன். இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நீ காட்டிய தாய்லாந்துப் படத்தை நேற்று போனில் நிறுத்தி நிறுத்தி, அடியில் வரும் தமிழை வாசித்தேன். கடைசியில் அப்பா மகளைப் பஸ் ஏற்றிவிடுவாரே, "பையனை மறந்துட்டு படிக்கப் போறாப்பா" என்று அன்று படித்துச் சொன்னாய். "இன்னா நல்ல பொண்ணு!" என்றேன். மறுவாரம் நீ விரும்பிய விநாயக்குடன் போய்விட்டாய்.

ஆனால் "அவனிடமே போ, அடிக்கடி வீட்டுக்கு வா" என்றல்லவா அந்த அப்பா சொல்கிறார்?

ஏமாற்றிவிட்டாயே. நீ போனதைக்கூட விடு. இப்படியும் ஓர் அப்பா இருக்கலாம் என்பதை என்னிடம் மறைத்தாயே, அதுதான் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்குங்கள். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் அப்பா