பார்ப்பது வேலையில்லை

கூடப் பிறக்காத என் தங்கச்சி சாரதாவுக்கு,

நீ போனபின் ஆய்வகத்தில் பெரிய மாற்றமில்லை. ஏசி அதேபோலச் சொட்டுகிறது. நீ பாதியில் விட்ட தங்கத் துகள் வரிசையும் போன வாரம்வரை நுண்ணோக்கியில் அப்படியே இருந்தது. கண்ணுக்கே தெரியாத துகள்கள், ஊசிமுனையால் தடவித்தான் பார்க்க முடியும். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒரே ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அது நிரம்பி மின்சாரம் ஓடினால்தான் உன் வேலை உன் பேரில் நிற்கும். கடைசித் துகளை அங்கே தள்ளுவதில் பிசகினால் மொத்தமும் கலைந்துவிடும்.

போன வாரம் அமாவாசை வந்தது. ஆய்வகத்துக்குப் பின்னால், உன் அம்மா நெய்யும் தெருவில் தறிகள் ஓயும் நாள். அதிர்வு இருக்காது, படம் சுத்தமாக விழும். அன்றைக்குப் பார்த்துத்தான் நீ தள்ள மாட்டாய்.

"நெசவுக்காரங்க அமாவாசையில வேலைய தொடமாட்டோம்ணா. பாக்கறேன், அவ்ளோதான். பாக்கறது வேலை இல்லபா."

தடவிப் பார்ப்பதும் தள்ளுவதும் ஒரே ஊசிமுனைதான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கடைசியாக நீ வந்த அமாவாசையில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துகள் விலகிப்போனது. "நான் ஒண்ணும் பண்ணல, அதுவா போய்க்கினு இருக்குது!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாய். நாளைக்கு அதை அதன் இடத்துக்குத் தள்ளிவிடுகிறேன் என்று போனவள், காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவே இல்லை.

"இன்னைக்கே முடிச்சிடுங்க, நாளைக்குத் தறி ஓடும்" என்றார் பேராசிரியர், போன வார அமாவாசையன்று. நியாயம்தான். தாமல் கிராமத்து விவசாயி மகனான எனக்கு அமாவாசையில் என்ன தடை? முனையை இறக்கினேன். பார்த்தேன். தள்ளாமல் எடுத்துவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. உன் வீட்டில் உனக்கு இலை போட்டிருந்தார்கள், போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் தறிச் சத்தத்தோடு தள்ளினேன். பயந்துகொண்டேதான். துகள் போய் உட்கார்ந்தது, மின்சாரம் ஓடியது. படம்தான் மோசம், குறுக்கே கோடுகோடாக அதிர்வு.

அந்தப் படத்தை உன் அம்மாவிடம் காட்டினேன். தங்கத்தை விட்டுவிட்டுக் கோடுகளைத் தொட்டார்.

"இது இன்னாபா?"

"உங்க தெருத் தறிம்மா."

"நான் தறியில உக்காந்துக்கினு இருந்தப்பவா அவ வேலை முடிஞ்சுது?"

ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டுரையில் உன் பெயர்தான் முதலில். அந்தக் கோடுகளைக் கணினியில் துடைத்துவிடச் சொல்கிறார்கள். துடைக்க மாட்டேன். இனி அமாவாசைகளில் பார்ப்பேன், தள்ள மாட்டேன்.

உன் தாமல் அண்ணன்