கால்வாய் மேல் எழுந்த சுவர்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நகராட்சி நோட்டீஸ் கிடைத்தது. ஏழு நாளில் என் சலவைக் கொட்டகைச் சுவரை இடிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நீங்களே இடிப்பீர்களாம். கீழே இன்ஜினியர் என்று உன் கையெழுத்து. கூடப் பிறந்தவனுக்கு நோட்டீஸா? சுவரில் எவன் கை வைத்தாலும் அந்தக் கையை ஒடித்துத்தான் அனுப்புவேன்.

உன் தம்பி

ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

நேரில் மூன்று முறை சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். உன் சுவர் கால்வாய் மேல் நிற்கிறது. கீழ்த்தெருவில் சாக்கடை அடுப்புவரை ஏறிவிட்டது. போன வாரம் அங்கே ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் செத்தது. கால்வாயை அடைப்பது எதுவானாலும் இடிக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. தம்பி சுவர் என்று சட்டத்தில் விலக்கு இல்லை. நீயே இடித்துவிடு. பின்னால் தள்ளிக் கட்ட வரைபடம் நானே போட்டுத் தருகிறேன். கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதே.

அக்கா

ஜூன் 13

அக்கா,

லாக்கப்பிலிருந்து எழுதி, வக்கீலிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்றுக் கடப்பாரையை எடுத்தது பயமுறுத்தத்தான். "இன்னொரு அடி வச்சா மண்டையப் பொளந்துருவேன்"னு சொன்னேன். சுவரை இடிக்க வந்த உங்கள் மேஸ்திரி, "வழி விடுங்க தம்பி, அக்காவே நிக்கிறாங்க"ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. செங்கல் சரிந்து அவன் தலையில் விழுந்தது என்று அறிக்கை எழுது. நீ சொன்னால் கூலியாட்களும் அப்படியே சொல்வார்கள். என் பிள்ளைகளை நினைத்துப் பார்.

தம்பி

ஜூன் 16

தம்பி,

மேஸ்திரி நேற்றுக் காலை இறந்துவிட்டார். அவர் மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கி, "நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க"ன்னு கேட்டார்.

செங்கல் எதுவும் சரியவில்லை. நீ மூன்று முறை அடித்தாய். இரண்டாவது அடியிலேயே அவர் விழுந்துவிட்டார். தடுக்க ஓடிவந்த என்னைத் தள்ளிவிட்டு மூன்றாவதை அடித்தாய். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ அடித்த மறுநாளே சுவரை இடித்தோம். கீழ்த்தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது.

உன் மனைவியும் பிள்ளைகளும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள்.

முதல் சாட்சி நான். கோர்ட்டில் என் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் அழுதுவிடுவேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்வேன்.

அக்கா